ஸாதர் நாட்குறிப்பு: சித்தியும் நானும் அட்ரியாட்டிக் கடலும்

ஜூன், தூத்துக்குடி: எந்த ஊர்?

குரோஷியாவின் அட்ரியாட்டிக் கரையில் பழைய ஊர் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் 'துப்ரோவ்னிக்கா?' என்கிறார். அழகான ஊர்தான், சந்தேகமே இல்லை. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மதில், அதன் மேலேயே நடந்து ஊரை ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் கூட்டம் தாங்காமல், வந்து நிற்கும் சுற்றுலாக் கப்பல்களுக்கு வரம்பு கட்டவேண்டி வந்த ஊர் அது. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் படிக்கட்டு வேறு. என்னோடு வருவது சித்தி. வயது அறுபத்து மூன்று, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் இடது முழங்காலைப் பற்றித் தினமும் ஓர் அறிக்கை வாசிப்பவர்.

வரைபடத்தில் வடக்கே நகர்ந்துகொண்டே போனேன். ஸ்பிளிட், ஷிபெனிக், அப்புறம் ஸாதர். அங்கே கண் நின்றுவிட்டது. கடலுக்குள் நீண்டிருக்கும் சின்னத் தீபகற்பம், பழைய நகரம் முழுக்க அதற்குள் அடக்கம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேர நடை. மேடு பள்ளம் கிடையாது. ரோமானியர் நூல் பிடித்துப் போட்ட தெருக்கள்தான் இன்றும் பெரும்பாலும் இருக்கின்றன.

வரலாற்றைப் புரட்டினால் பாவம், அடி மேல் அடி வாங்கிய ஊர். 1202இல் நான்காம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய படை, வெனிசுக்குத் தரவேண்டிய கப்பல் கூலியைக் கட்ட முடியாமல் திணறியது. 'எனக்கு அடங்காத ஸாதரைப் பிடித்துக் கொடு, கடனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றது வெனிஸ். போப் கூடாது என்றார். ஊர்க்காரர்கள் மதிலில் சிலுவைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஊர் சூறையாடப்பட்டது. 1409இல் நேப்பிள்ஸ் அரசர் லாடிஸ்லாஸ், டால்மேஷியா எனப்படும் இந்தக் கடற்கரைப் பகுதியின் மீது தனக்கிருந்த உரிமையை ஒரு லட்சம் டுகாட் பொற்காசுக்கு வெனிசிடமே விற்றுவிட்டார். பிறகு ஆஸ்திரியா. 1920இல் இத்தாலி. 1943, 44இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டம். அடுத்து யூகோஸ்லாவியா. 1991இல் அது உடைந்தபோது மறுபடியும் பீரங்கி.

"சிலுவையப் போட்டுக்கிட்டு, சிலுவ தொங்குற ஊரையா அடிச்சானுவ?" என்று சித்தி இரண்டு முறை கேட்டார்.

இவ்வளவு அடி வாங்கிய ஊர் இப்போது எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. அதனால்தான் ஸாதர். முழங்கால் என்பது சித்தியிடம் சொன்ன காரணம்.

ஆகஸ்ட்: விசா, பணம், நாள்

போகிறவர்களுக்கு உதவும் விஷயங்கள் சில. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்தது. அதே நாளில் யூரோவுக்கும் மாறியது. எனவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான ஷெங்கன் விசா போதும். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் முந்திக்கொள்வது நல்லது. பழைய வழிகாட்டிகளில் விலைகள் முந்தைய நாணயமான குனாவில் இருக்கும். அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள்.

ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் வரை போக நினைப்பவர்களுக்கு இன்னொன்று. நடுவில் போஸ்னியாவுக்குச் சொந்தமான சின்னக் கடற்கரைத் துண்டு ஒன்று உண்டு, நெயும் என்ற ஊர். முன்பெல்லாம் சாலை அதன் வழியாகத்தான் போகும். ஒரு நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வரவேண்டும். ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சமாச்சாரம். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை இல்லை, குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். பேருந்து எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தோம். வெயிலும் கூட்டமும் வாடகையும் ஒன்றாக ஏறும் மாதங்கள். செப்டம்பர் கடைசி என்றால் கடலில் சூடு இருக்கும், ஐரோப்பியப் பள்ளிகள் திறந்திருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் படகுகளும் விமானங்களும் குறைந்துவிடும்.

தங்குவதற்குப் பழைய நகரத்துக்குள்ளேயே ஒரு வீட்டின் கீழ்த்தளம். இதில் கவனம் வேண்டும். கல் கட்டடங்கள், நெட்டுக்குத்தான படிகள், லிஃப்ட் கிடையாது. 'மூன்றாவது மாடி, கடல் தெரியும்' என்ற விளம்பரத்தில் கடலை விட மூன்றாவது மாடிதான் முக்கியம்.

பிளித்விட்சே ஏரிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்று யோசித்தோம். ஸாதரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், நேரம் குறித்த சீட்டு வாங்கவேண்டும். பதினாறு ஏரிகள், மரப்பலகைப் பாதைகள், ஏற்ற இறக்கம். சித்தி முழங்காலைத் தடவினார். சரி, விட்டாயிற்று.

புதன், செப்டம்பர்: பேருந்தில்

சென்னையிலிருந்து வளைகுடா வழியாகத் தலைநகர் ஸாக்ரெப், அங்கிருந்து பேருந்தில் மூன்றரை மணி நேரம். கோடையில் ஸாதருக்கே ஐரோப்பிய நகரங்களிலிருந்து மலிவு விமானங்கள் உண்டு. விமான நிலையம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நாங்கள் சாலை வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஸ்வெதி ரோக் சுரங்கம்.

5.6 கிலோமீட்டருக்கு மேல் நீளம், வெலெபித் மலையைக் குடைந்து போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் காடு, புல்வெளி, மேகம், நல்ல குளிர். சித்தி சால்வைக்குள் சுருண்டிருந்தார். சுரங்கத்துக்குள் நுழைந்து சில நிமிடம் மஞ்சள் விளக்கு மட்டும். வெளியே வந்தால் வேறு தேசம். மரமே இல்லாத வெள்ளைப் பாறைச் சரிவு, வெயில், கீழே வெகு தூரத்தில் துண்டு துண்டாகக் கடல், அதில் மொட்டைத் தீவுகள். பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். சித்தி சால்வையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "கடல் வந்துட்டுல்லா, இனி பயமில்ல" என்றார். எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

அந்த மலையிலிருந்து இறங்கும் வடகிழக்குக் காற்றுக்கு இங்கே பூரா என்று பெயர். குளிர்காலத்தில் அது வீசினால் நெடுஞ்சாலையின் இந்தத் துண்டைச் சில சமயம் மூடிவிடுவார்கள். தென்கிழக்கிலிருந்து ஈரத்தோடு வருவது யூகோ. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகிய ஊரிலிருந்து வந்திருக்கிறோம், அதனால் பூராவும் யூகோவும் சித்தி வாயில் உடனே ஏறிவிட்டன.

வியாழன்: கடல் ஊதும் குழாய்

காலை முழுக்கத் தூக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம், சித்திக்குக் குரோஷிய மொழி சுத்தமாக இல்லை. ஆனால் காப்பிக்கு முன்னால் இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். பேச்சு முழங்காலைப் பற்றி என்று கை சாடையில் தெரிந்தது.

மாலையில் தீபகற்பத்தின் மேற்கு முனைக்குப் போனோம். போருக்குப் பிறகு குண்டுவிழுந்த கரையை அவசரத்தில் சரிசெய்தபோது நெடுக வெறும் கான்கிரீட் சுவராக எழுப்பிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது யாரும் உட்கார விரும்பாத கரையாகக் கிடந்தது. 2005இல் நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அதைக் கல் படிகளாக மாற்றி, படிகளுக்கு அடியில் கடலை வாசிக்க வைத்தார். இதுதான் 'மோர்ஸ்கே ஓர்குல்யே', கடல் ஆர்கன்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கீழ்ப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். படிகளுக்கு அடியில் வெவ்வேறு நீளத்திலும் பருமனிலும் 35 குழாய்கள், ஏழு பகுதிகளாக. குழாயின் ஒரு வாய் கடலுக்குள். அலை உள்ளே ஏறும்போது குழாயில் இருக்கும் காற்றை நெட்டித் தள்ளுகிறது. அந்தக் காற்று மேலே விசில் போன்ற பிளவு வழியாக வெளியேறி ஒலியாகிறது. மேல் நடைபாதையில் சிறு துளைகள் இருக்கின்றன, அவற்றின் மேல் கையை வைத்தால் மூச்சு படுவது தெரிகிறது. மின்சாரம் கிடையாது, வாசிப்பவர் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒத்துப்போகும் சுரங்களாக இசைவு செய்திருப்பதால் எந்த அலை எப்போது வந்தாலும் காதைக் கிழிக்காது. ஆனால் மெட்டு என்று ஒன்று பிடிபடவும் பிடிபடாது.

சித்தி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடுத பய தூங்கித் தூங்கி விழுதான் போலருக்கு" என்றார். அந்த நேரத்தில் தீவுகளுக்குப் போகும் படகு ஒன்று வேகமாகக் கடந்தது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அதன் அலை கரைக்கு வந்து சேர்ந்ததும் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ஒரு பெரிய ஒலி. உட்கார்ந்திருந்த கல்லே லேசாக அதிர்ந்தது. பக்கத்தில் விளையாடிய குழந்தைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். சித்தி காதைத் துளையில் வைத்து, அடுத்த படகு எப்போது என்று கேட்டார்.

பக்கத்திலேயே அதே பாஷிச் 2008இல் அமைத்த 'சூரியனுக்கு வணக்கம்'. 22 மீட்டர் விட்டமுள்ள வட்டம், 300 கண்ணாடித் தகடுகள். பகலில் வெயிலைச் சேமித்து இரவில் வண்ண விளக்காக எரிகிறது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆர்கனுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1964இல் இங்கே தங்கியிருந்தார். உலகிலேயே அழகான அந்தி ஸாதரில்தான் என்று அவர் சொன்னதை ஊர் இன்றுவரை விளம்பரமாக்கிக்கொண்டிருக்கிறது. இன்று சூரியன் உக்லியான் தீவுக்குப் பின்னால் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. ஏழு மணிக்கு முன்பே அஸ்தமனம். ஆறு மணிக்கே போனால் படியில் இடம் கிடைக்கும்.

வெள்ளி: மீன், மன்றம், கல்

சித்தியைக் காலையில் கோயிலுக்கு அழைத்துப் போவதாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் மதிலை ஒட்டிய மீன் சந்தையைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அதோடு ஒரு மணி நேரம் போயிற்று.

சாளை, அயிலை, கணவாய், பேய்க்கணவாய் எல்லாம் பளிங்கு மேடைகளில் பனிக்கட்டியோடு பரத்தியிருந்தார்கள். சித்தி யாரிடமும் கேட்காமல் ஓர் அயிலையை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். விற்கிற அம்மா முறைத்தார். சித்தி செவுளின் சிவப்பைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். அந்த அம்மா உடனே அதை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து இன்னும் நல்லதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். "பாத்தியா, மேல கிடந்தது நேத்துள்ளது" என்று சித்தி என்னிடம் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாவும் ஏதோ புரிந்ததுபோல் சிரித்தார். அரைக் கிலோ சாளை வாங்கினோம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை விசாக் காகிதங்களைவிடப் பத்திரமாக வைத்திருந்தார் சித்தி.

அப்புறம் ரோமானிய மன்றம், அதாவது அந்தக் காலத்து ஊரின் பொதுச் சதுக்கம். 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். வேலி கிடையாது, சீட்டு கிடையாது. உடைந்த தூண்களின் மேல் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுத் தளக்கல்லின் மேல் ஒருவர் நாயோடு நடக்கிறார். நம் ஊராக இருந்தால் கம்பி வேலி போட்டிருப்பார்கள், அது தேவையாகவும் இருந்திருக்கும். ஓரமாக ஒற்றைத் தூண் ஒன்று நிற்கிறது. இடைக்காலத்தில் குற்றவாளிகளை இதில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்து அவமானப்படுத்துவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இந்த வழக்கம் இருந்திருக்கிறது. சங்கிலியின் துண்டு இன்னும் தொங்குகிறது.

மன்றத்தின் ஓரத்தில்தான் புனித தொனாத் ஆலயம். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த வட்டக் கட்டடம், 27 மீட்டர் உயரம். வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரம் எதுவுமில்லாத மொட்டைக் கோபுரம். அடிவாரத்துக்குக் குனிந்து பாருங்கள் என்று வீட்டுக்கார அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். குனிந்தேன். அஸ்திவாரத்துக்கென்று தனியாகப் பள்ளம் தோண்டிக் கல் போட்டதாகத் தெரியவில்லை. மன்றத்தின் தளக்கல் மேலேயே, விழுந்து கிடந்த ரோமானியத் தூண்களைப் படுக்கவைத்து, பலிபீடக் கற்களை அடுக்கி, அதன் மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தூணின் வரிகள், பூ வேலை, லத்தீன் எழுத்துகள் எல்லாம் சுவரின் அடியில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஜூபிடருக்கும் ஜூனோவுக்கும் பலி கொடுத்த கற்கள் கிறிஸ்தவக் கோயிலைத் தாங்குகின்றன. மறைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

உள்ளே இப்போது வழிபாடு கிடையாது. எதிரொலி நன்றாக இருப்பதால் கச்சேரி நடத்துகிறார்கள், 1960களிலிருந்து கோடை இசை விழா நடக்கிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சித்தி மாதா பாட்டு ஒன்றின் முதல் அடியை மெல்லப் பாடினார். குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்தது. சீட்டுக் கொடுக்கும் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான்.

சாயங்காலம் நல்ல கூட்டம். தெருவின் சுண்ணாம்புக்கல் தளம் காலங்காலமாகக் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகியிருக்கிறது. ரப்பர் அடிப்பாகமுள்ள செருப்பைக் கொண்டுவாருங்கள்.

சனி: நின், உப்பு

பேருந்தில் அரை மணி நேரம், வடக்கே நின். குட்டி ஊர், ஆழமில்லாத காயலில் தீவுபோல் இருக்கிறது. கல் பாலத்தில் நடந்து உள்ளே போகவேண்டும். ஒரு காலத்தில் குரோஷிய அரசர்களின் ஊர். நடுவில் புனித சிலுவை ஆலயம். வெள்ளையடித்த, ஆள் உயரத்தை விடக் கொஞ்சம் பெரிய வாசல் கொண்ட சிறு கோயில். உலகின் மிகச் சிறிய பேராலயம் என்று விளம்பரம். இவான் மெஷ்த்ரோவிச் வடித்த ஆயர் கிர்கூரின் சிலையும் உண்டு, லத்தீனை விட்டு மக்கள் மொழியில் வழிபாடு வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டில் வாதாடியவர் இவர் என்பது மரபு. சிலையின் கால் பெருவிரலைத் தடவினால் நினைத்தது நடக்குமாம். தடவித் தடவி விரல் மட்டும் பொன்னாக மின்னுகிறது. சித்தியும் தடவினார். எதற்கென்று கேட்கவில்லை, ஊகிக்கலாம்.

நாங்கள் வந்தது உப்பளத்துக்கு. தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பளத்தைச் சுற்றிக் காட்ட ஒருவர் சீட்டு வாங்கச் சொன்னதும் சித்தி முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "உப்பப் பாக்க காசா? நம்ம வீட்டுக்குப் பின்னால நின்னு பாத்தா போதாதா?"

ஆனால் உள்ளே போனதும் அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார். கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு விட்டு விட்டு, வெயிலும் காற்றும் நீரைக் குடிக்க, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். அதே முறைதான். வித்தியாசம் அளவில். நம் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி, வெள்ளை அம்பாரம், வெயிலில் வெறுங்காலோடு வாரும் பெண்கள். இங்கே மொத்தமே ஒரு பார்வைக்குள் முடிந்துவிடுகிறது. கோடையில் மட்டும்தான் உப்பு, இலையுதிர்கால மழை வந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள். பாத்தியின் மேல்பரப்பில் மெல்லிய ஏடாகப் படிவதைத் தனியாக அள்ளி, 'உப்பின் பூ' என்று கண்ணாடிக் குப்பியில் அடைத்து, நம் ஊரில் ஒரு மூட்டை வாங்கக்கூடிய விலைக்கு விற்கிறார்கள். சித்தி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். "இவன் கெட்டிக்காரன். நம்மாளுக்குத்தான் விக்கத் தெரியல" என்றார். ஒரு குப்பி வாங்கவும் செய்தார். பங்குச் சாமியாருக்காம்.

திரும்பும்போது கடற்கரையில் சிலர் உடம்பெல்லாம் கறுப்புச் சேறு பூசிக்கொண்டு நின்றார்கள். மருத்துவச் சேறு, மூட்டுவலிக்கு நல்லது என்றார்கள். சித்தி இரண்டு முழங்காலிலும் பூசிக்கொண்டு, காயும்வரை வெலெபித் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேருந்து ஒன்றைத் தவறவிட்டோம், அதனால் ஒன்றும் குறையவில்லை.

ஞாயிறு: சிமியோன்

புனித சிமியோன் ஆலயத்தில் பூசை. மொழி புரியாவிட்டாலும் எங்கே எழுந்து நிற்கவேண்டும், எங்கே மண்டியிடவேண்டும் என்பதில் சித்திக்குச் சந்தேகமே வரவில்லை. 1177இல் போப் மூன்றாம் அலெக்சாண்டர் இந்த ஊருக்கு வந்தபோது மக்கள் தங்கள் ஸ்லாவிய மொழியிலேயே பாடி வரவேற்றதாகப் பதிவு இருக்கிறது. இன்றும் பாட்டில் குறை வைக்கவில்லை.

பீடத்துக்கு மேலே ஒரு பேழை. ஹங்கேரிய அரசர் லூயிஸின் மனைவி, போஸ்னியாவைச் சேர்ந்த எலிசபெத் அரசி 1377இல் செய்யச் சொன்னது. மிலான் நகரத்துப் பொற்கொல்லர் பிரான்செஸ்கோ 1380இல் முடித்தார். கால் டன்னை நெருங்கும் வெள்ளி, மேலே பொன் முலாம். குழந்தை இயேசுவைக் கோயிலில் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் உடல் உள்ளே இருப்பதாக நம்பிக்கை. ஆண்டுதோறும் அக்டோபர் 8 அன்று பேழையைத் திறந்து மக்களுக்குக் காட்டுவார்கள்.

அரசி ஏன் செய்தார் என்பதற்கு ஊரில் ஒரு கதை. புனிதரின் விரல் ஒன்றைத் திருட்டுத்தனமாக உடைத்து மார்பில் ஒளித்துக்கொண்டாராம். உடனே விரல் அழுகத் தொடங்கிப் புழு வைத்ததாம். பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டுப் பரிகாரமாகப் பேழை செய்தாராம். கதை எப்படியோ, பேழையின் வெள்ளித் தகடுகளில் ஒரு கப்பல் புயலில் மாட்டித் தவிக்கும் காட்சி இருக்கிறது. சிமியோனின் உடலை ஏற்றிவந்த வணிகர் புயலுக்கு ஒதுங்கித்தான் இங்கே வந்ததாக மரபு. பாய் கிழிவதும், மூட்டையைக் கடலில் எறிவதும் அவ்வளவு துல்லியம். பேழையைத் தாங்கும் வெண்கலத் தேவதூதர்களைச் சித்திக்குக் காட்டினேன். துருக்கியரிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தவை.

"பீரங்கியவா?" என்று கேட்டுவிட்டுத் தேவதூதர் காலைத் தொட்டுக் கும்பிட எட்டினார். உயரம், எட்டவில்லை.

மதியம் உணவகத்தில் கறுப்பு ரிசோட்டோ, கணவாய் மையில் வெந்த சோறு. சாப்பிட்டு முடித்துச் சிரித்தால் பல்லெல்லாம் கறுப்பு. சித்திக்கு பிளித்வா, அதாவது கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, தாளிக்க மறந்துட்டான்" என்பது தீர்ப்பு. மாமிசம், மீன் இரண்டும் சாப்பிடாதவர்கள் பிளித்வா, பாலாடைக்கட்டி வைத்த புரெக், பீட்சா என்று சமாளித்துவிடலாம்.

திங்கள்: மழை, மதில்

இரவே யூகோ கிளம்பிவிட்டது. காலையில் மழை, தெருக்கல் வழுக்கல். கடல் ஆர்கன் எங்கள் ஜன்னல் வரை கேட்டது. இன்றைக்கு அது பாடவில்லை, உறுமியது. யூகோ வீசும் நாளில் ஊர்க்காரர்களுக்குத் தலைவலியும் எரிச்சலும் வரும் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். சித்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆமோதித்தார்.

மழைக்கு ஒதுங்கிப் பழங்காலக் கண்ணாடி அருங்காட்சியகம். இந்தப் பகுதியின் ரோமானியக் கல்லறைகளிலிருந்து எடுத்த கண்ணாடிக் குப்பிகள் அறை அறையாக. வாசனைத் தைலத்துக்கென்று விரலளவு குப்பி, எரித்த சாம்பலை வைக்கும் பெரிய பச்சை ஜாடி. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததில் மேலே வானவில் நிறம் ஏறியிருக்கிறது. இத்தனை முற்றுகையும் குண்டும் கண்ட இந்த மண்ணில் கண்ணாடி முழுசாகக் கிடைத்திருக்கிறது.

மதியம் மழை விட்டதும் மதில் பக்கம். ஓட்டோமானியர்களுக்குப் பயந்து பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் எழுப்பியது. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, இத்தாலி, மாண்டினீக்ரோ நாடுகளில் உள்ள மற்ற வெனிசியக் கோட்டைகளோடு ஒரே பதிவாக. 1543இல் மிக்கேலே சான்மிக்கேலி கட்டிய நில வாசலின் மேலே வெனிசின் சிறகு முளைத்த சிங்கம் பெரிதாக நிற்கிறது. அதற்குக் கீழே, சின்னதாக, குதிரை மேல் ஊரின் காவலர் புனித கிர்ஷெவான். யார் எஜமான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பக்கத்தில் ஐந்து கிணற்றுச் சதுக்கம். முற்றுகைக் காலத்துக்கென்று 1574இல் வெட்டிய நீர்த்தொட்டியின் மேல் வரிசையாக ஐந்து கிணற்று வாய்கள். அதை ஒட்டிய கொத்தளத்தை 1829இல் ஓர் ஆஸ்திரியத் தளபதி பூங்காவாக மாற்றியிருக்கிறார். பீரங்கி நின்ற இடத்தில் இன்று தாத்தாக்கள் சீட்டாடுகிறார்கள்.

மறக்காமல் ஏறவேண்டியது துடுப்புப் படகு. துறைமுக வாயை நடந்து சுற்ற நேரமாகும் என்று, நூற்றாண்டுகளாக மரப்படகில் ஆட்களைக் கடத்திவிடும் பர்க்கயோலிகள் இருக்கிறார்கள். கொஞ்சம் சில்லறை, சில நிமிடம், அக்கரை. தள்ளாத வயதுப் படகுக்காரர் நின்றபடியே துடுப்புப் போட்டார். சித்தி அவர் துடுப்புப் பிடித்திருக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க தாத்தாவும் இப்படித்தான் கைய மாத்திப் பிடிப்பாவ" என்றார். அக்கரையில் இறங்கவில்லை. அதே படகில் திரும்பினோம், அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

உக்லியான் தீவுக்கு இன்று போவதாக இருந்தது, கடல் சரியில்லை. போகிறவர்கள் கவனிக்க: அந்தத் தீவின் ப்ரேகோ ஊருக்கான கார் ஏற்றும் கப்பல் பழைய நகரத்திலிருந்து கிளம்பாது. மூன்று நான்கு கிலோமீட்டர் தெற்கே கஜெனிட்சா துறைக்குப் போகவேண்டும்.

நாளைக் காலை ஸ்பிளிட். பேருந்து நிலையம் பழைய நகரத்திலிருந்து இருபது நிமிட நடை. பெட்டிக்குத் தனிக் காசு கேட்பார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் போகும் பேருந்து சீக்கிரம் போய்விடும், ஆனால் ஷிபெனிக் வழியாகக் கடற்கரைச் சாலையில் போகிற பேருந்துக்குத்தான் சீட்டு வாங்கியிருக்கிறோம். வலது பக்கம் உட்காரவேண்டும், கடல் அந்தப் பக்கம். ஜன்னல் இருக்கை தனக்குத்தான் என்று சித்தி இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.